இறையியல் கற்ற தமிழ்த்தூதர்

நுழையும்முன்

உயர்கல்விக்காக அயல்நாடு செல்வோர் பலர். அங்குக் கற்றதைத் தம் மொழிக்கு உரமாக்கியவர் சிலர். கத்தோலிக்க இறையியல் கற்பதற்காக உரோமை நகருக்குச் சென்ற ஈழத் தமிழ் இளைஞர் ஒருவர், அக்கல்வி தந்த ஆய்வு ஒழுங்கைக் கொண்டு தமிழியலை உலக அரங்கில் நிறுத்தினார். முனைவர் பட்டம் பெற்ற பின்னும் தம் தாய்மொழியின் பேரிலக்கியங்களைத் தாம் அறியவில்லை என்பதை உணர்ந்து, மீண்டும் மாணவராக அமர்ந்தார். அவரே தனிநாயகம் அடிகள்.

தீவகத்தில் பிறப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடல் சூழ்ந்த தீவுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஊர்காவற்றுறை என்னும் பழமையான துறைமுகம் அமைந்துள்ளது. அதனை அடுத்த கரம்பொன் என்னும் சிற்றூரில், 1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், கணபதிப்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ், சிசிலியா இராசம்மா இணையருக்கு மகனாகப் பிறந்தார் சேவியர். பின்னாளில் தம் முன்னோர் பெயராகிய தனிநாயகம் என்பதனைத் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார். அப்பெயரே அவருக்கு நிலைத்தது.

ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் பள்ளியில் தொடக்கக் கல்வியையும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் உயர்நிலைக் கல்வியையும் பெற்றார். அக்காலத்தில் இலங்கையின் சிறந்த பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழியாக இருந்தது. வீட்டிலும் தெருவிலும் தமிழ் பேசிய மாணவர்கள் வகுப்பறையில் ஆங்கில இலக்கியத்தையும் ஐரோப்பிய வரலாற்றையும் பயின்றனர். சங்கப் பாடல்களோ காப்பியங்களோ அவர்களுக்கு அறிமுகமாகவில்லை. சேவியரும் அத்தகைய கல்வியையே பெற்றார். இந்தக் குறை அப்போது அவருக்குக் குறையாகத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்தே அதன் அளவு விளங்கியது.

துறவற வாழ்வின்மீது நாட்டம் கொண்ட அவர், 1931ஆம் ஆண்டு கொழும்பில் உள்ள புனித பெர்னார்து குருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மெய்யியல் பயின்றார். கத்தோலிக்கத் திருச்சபையில் குருவாக விரும்புவோர் முதலில் மெய்யியலையும் அதன் பின்னரே இறையியலையும் கற்றல் வேண்டும். அளவையியல், அறவியல் முதலியவற்றில் பயிற்சி பெற்று, எண்ணங்களை ஒழுங்குபடுத்தக் கற்றவரே இறையியல் வகுப்பில் அடியெடுத்து வைக்க இயலும். மெய்யியல் படிப்பை முடித்த சேவியர், 1934ஆம் ஆண்டு உரோமை நகருக்குப் பயணமானார். அப்போது அவருக்கு வயது 21.

உரோமையில் ஐந்து ஆண்டுகள்

உரோமையில் அவர் சேர்ந்த கல்வி நிலையம், திருத்தந்தை எட்டாம் உர்பான் 1627ஆம் ஆண்டு நிறுவிய உர்பான் கல்லூரியின் வழிவந்தது. இன்று உர்பானியானா பல்கலைக்கழகம் என வழங்கப்பெறுவது. ஐரோப்பாவிற்கு அப்பாலுள்ள நாடுகளில் அந்தந்த மண்ணின் மக்களே குருக்களாகப் பணியாற்ற வேண்டும் என்பதற்காக ஏற்படுத்தப்பட்டது அது. ஆகவே, ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த பல்வேறு இன மாணவர்கள் அங்கு ஒருங்கே தங்கிப் பயின்றனர். கரம்பொன் ஊரில் பிறந்த இளைஞர், உலகம் எத்துணை மொழிகளால் ஆனது என்பதை உணவு மேசையிலேயே அறிந்துகொண்டார்.

பாடங்கள் இலத்தீன் மொழியில் நடத்தப்பெற்றன. தேர்வும் அம்மொழியிலேயே நிகழ்ந்தது. பல நாட்டு மாணவருக்கும் பொதுமொழியாக அமைந்த இலத்தீன், ஒருவர்க்கும் தாய்மொழி அன்று. எனவே, எல்லாரும் ஒரே அளவு முயன்றே கற்க வேண்டியிருந்தது. இலத்தீனுடன் இத்தாலியம், பிரெஞ்சு, செருமானியம், எசுப்பானியம், போர்த்துக்கீசியம் ஆகிய மொழிகளிலும் சேவியர் காலப்போக்கில் புலமை பெற்றார். இம்மொழிகளுக்கெல்லாம் தமிழோடு என்ன தொடர்பு என்று அந்நாளில் எவரேனும் கேட்டிருந்தால் அவரிடம் விடை இருந்திராது. அதற்கான விடை பிற்காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் கிடைத்தது.

இறையியல் என்பது வழிபாட்டு முறைகளை மட்டும் கற்பிக்கும் படிப்பு அன்று. அது பல துறைகளைத் தன்னுள் அடக்கியது. திருமறை நூலை அதன் மூல மொழிகளான எபிரேயம், கிரேக்கம் ஆகியவற்றின் துணையுடன் ஆராய்வது விவிலியவியல். சமயக் கோட்பாடுகளைக் காரணகாரிய முறையில் விளக்குவது கோட்பாட்டு இறையியல். மனிதச் செயல்களின் நன்மை தீமைகளை ஆராய்வது அறநெறி இறையியல். இவற்றோடு திருச்சபை வரலாறு, திருச்சபைச் சட்டம், முதல் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சான்றோர்தம் எழுத்துகளை ஆராயும் தந்தையரியல் ஆகியனவும் உண்டு.

இத்துறைகள் அனைத்திற்கும் பொதுவான ஒரு நெறி இருந்தது. ஒரு கருத்தை நிறுவ விரும்புவோர் முதலில் அதற்கு எதிரான கருத்துகளை முழுமையாக எடுத்துரைக்க வேண்டும். பின்னர்த் தம் முடிவைச் சான்றுகளுடன் கூற வேண்டும். இறுதியில் எதிர்க்கருத்து ஒவ்வொன்றுக்கும் விடையிறுக்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ் இம்முறையைச் செம்மையாகக் கையாண்டவர். நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் கொள்கையை எடுத்துக்கொண்டு அதனைக் களைவதும் ஒன்றாகும். சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார், பிறர் கொள்கையை ஆராயும் பரபக்கத்தையும் தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்தையும் கொண்டது. தமிழ் மரபு நன்கறிந்த இம்முறையை, தமிழிலக்கியம் கல்லாத ஒரு தமிழ் மாணவர் இலத்தீன் வழியாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

தெரிந்து தெளிவோம்

திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட ஆணை, திருச்சபையின் பல்கலைக்கழகங்களில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. பாடங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தல் மட்டும் போதாது. மாணவர் ஆய்வுப் பயிற்சி வகுப்புகளில் கலந்துகொள்ள வேண்டும். முனைவர் பட்டத்திற்குப் புத்தறிவு தரும் ஆய்வேட்டை எழுத வேண்டும் என்று அது வகுத்தது. அவ்வாணை நடைமுறைக்கு வந்த காலத்தில் உரோமையில் பயின்ற மாணவருள் தனிநாயகம் அடிகளும் ஒருவர்.

கடிதங்களில் ஒரு சமுதாயம்

1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சேவியர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தொடர்ந்து முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டார். அவர் தேர்ந்துகொண்ட பொருள், புனித சிப்பிரியான் ஆயராக இருந்த காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருக்கள் என்பதாகும்.

கார்த்தேஜ், இன்றைய துனிசியா நாட்டில், வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் அமைந்திருந்த பெருநகரம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரின் ஆயராக விளங்கியவர் சிப்பிரியான். கி.பி. 250ஆம் ஆண்டு உரோமைப் பேரரசன் தேசியுஸ் கிறித்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது, சிப்பிரியான் மறைந்திருந்து தம் குருக்களுக்கும் மக்களுக்கும் கடிதங்கள் எழுதினார். கொள்ளைநோய், அச்சத்தால் சமயத்தைத் துறந்தோரை மீண்டும் ஏற்பதா என்னும் பூசல், குருக்களுக்கிடையே பிணக்கு எனப் பல இடர்களுக்கிடையே எழுதப்பட்ட கடிதங்கள் அவை. கி.பி. 258ஆம் ஆண்டு அவர் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் எழுதியனவும் அவருக்கு எழுதப்பட்டனவுமாக ஏறத்தாழ எண்பது கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன.

மூத்த குருக்கள், திருத்தொண்டர், வாசகர் என அக்காலக் குருமார் எத்தனை நிலையினராக இருந்தனர், எவ்வாறு தெரிவு செய்யப்பட்டனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பன பற்றிய செய்திகள் இக்கடிதங்களில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மறைந்துபோன ஒரு சமுதாயத்தை மீண்டும் உருவாக்கிக் காட்டுவதே ஆய்வாளரின் பணி. பழைய எழுத்தை அதன் சொந்த மொழியில் படித்தல், காலத்தைக் கணித்தல், சொற்களின் அக்காலப் பொருளை அறிதல், சான்று சொல்லாததைத் தாம் சொல்லாதிருத்தல் ஆகிய நான்கும் இவ்வாய்வுக்கு வேண்டியன. இந்த ஆய்வேட்டிற்காக 1939ஆம் ஆண்டு அவர் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

உரோமையில் இருந்தபோதே தமிழ் அவரை அழைக்கத் தொடங்கியிருந்தது. அங்குப் பயின்ற தமிழ் மாணவருடன் இணைந்து வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகத்தை அவர் அமைத்தார். இத்தாலியில் பிறந்து, இறையியல் கற்று, தமிழகம் வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரின் நாட்டில் அமர்ந்து, தமிழர் தம் மொழியை நினைத்துக்கொண்டனர்.

மீண்டும் மாணவர்

தாயகம் திரும்பிய அடிகள், தமிழ்நாட்டின் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்றார். 1940ஆம் ஆண்டு வடக்கன்குளம் புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக அமர்ந்தார். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், பனைகள் சூழ்ந்த ஊர் அது.

அங்குதான் தம் கல்வியின் பெருங்குறையை அவர் நேருக்குநேர் கண்டார். இலத்தீன் நூல்களை எளிதாகப் படிக்கும் தம்மால், புறநானூற்றின் ஒரு பாடலைத் துணையின்றிப் படிக்க இயலவில்லை. கார்த்தேஜ் நகரத்துக் குருமாரின் வாழ்வை ஆராய்ந்து அறிந்தவர்க்கு, அதே நூற்றாண்டுகளில் வாழ்ந்த தமிழ்ப் பாணரும் புலவரும் அறியாதவராக இருந்தனர். முனைவர் பட்டமும் துணைத் தலைமையாசிரியர் பதவியும் பெற்ற ஒருவர் இக்குறையை மறைத்துக்கொள்வது எளிது. அவர் மறைக்கவில்லை.

அப்பள்ளியின் தமிழறிஞராகிய பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். பதவியால் தமக்குக் கீழ் இருந்தவரை ஆசிரியராக ஏற்று, இலக்கணத்தையும் இலக்கியத்தையும் முறையாகக் கற்றார். கத்தோலிக்கக் குரு ஒருவர், சைவ மரபில் தோய்ந்த பண்டிதரிடம் பாடம் கேட்டார். சமயமும் வயதும் பதவியும் அக்கல்விக்குத் தடையாகவில்லை. சில ஆண்டுகள் நீடித்த இப்பயிற்சியே அவர் வாழ்வின் திருப்பமாக அமைந்தது.

ஆர்வத்தால் கற்றது போதாது, பல்கலைக்கழக முறையிலும் கற்க வேண்டும் என்று கருதிய அடிகள், 1945ஆம் ஆண்டு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32. தம்மினும் இளைய மாணவருடன் அமர்ந்து தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்னும் பொருளில் ஆய்வு செய்து, இலக்கிய முதுவர் பட்டமும் பெற்றார்.

இவ்வாய்வில் உரோமைக் கல்வியின் தடத்தைக் காணலாம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் திணைப் பாகுபாட்டைத் தமிழ்ப் புலவர் பலர் முன்னரே விளக்கியிருந்தனர். அடிகள் அதனைக் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களில் இயற்கை பெற்ற இடத்துடன் ஒப்பிட்டார். நிலம் வெறும் பின்னணியாக நில்லாமல் மாந்தர்தம் உள்ளத்து உணர்வோடு இணைந்து நிற்பது பழந்தமிழ்ப் பாடலின் தனித்தன்மை என்பதை, பிற இலக்கியங்களையும் மூலமொழியிலேயே கற்றவர் என்ற தகுதியுடன் எடுத்துரைத்தார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூல், தமிழ் அறியாத அறிஞர்க்கும் சங்க இலக்கியத்தின் வாயிலைத் திறந்துவிட்டது.

தமிழின் தூதர்

அடிகள் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். நூல்களை வெளியிட்டார். பல நாடுகளுக்குப் பயணம் மேற்கொண்டு தமிழிலக்கியம் பற்றி உரையாற்றினார். சென்ற இடங்களிலெல்லாம் ஓர் உண்மை அவருக்குத் தென்பட்டது. இந்தியப் பண்பாட்டை ஆராயும் மேலைநாட்டு அறிஞர் பலர் வடமொழி நூல்களையே அடிப்படையாகக் கொண்டிருந்தனர். தமிழுக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு என்பதை அவர்களுட் பலர் அறியவில்லை. அதற்கு அவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை; அவர்கள் படிக்கக்கூடிய மொழியில், அவர்கள் ஏற்கக்கூடிய ஆய்வு முறையில் தமிழர் எழுத வேண்டும் என்று அடிகள் முடிவு செய்தார்.

அம்முடிவின் பயனாக 1952ஆம் ஆண்டு தமிழ்க் கல்ச்சர் என்னும் ஆங்கில ஆய்விதழ் பிறந்தது. அடிகள் அதன் ஆசிரியராக விளங்கினார். தமிழறிஞரும் அயல்நாட்டு அறிஞரும் ஒரே இதழில் எழுதினர். தமிழ்த்தூது, ஒன்றே உலகம் ஆகிய தமிழ் நூல்களின் வாயிலாகத் தாம் கண்டவற்றைத் தமிழ் மக்களுக்கும் எடுத்துரைத்தார். தமிழை உலகுக்கும் உலகைத் தமிழுக்கும் அறிமுகப்படுத்தும் இருவழித் தூதாக அவர் பணி அமைந்தது.

தென்கிழக்கு ஆசியாவில் தமிழ்ப் பண்பாட்டின் சுவடுகளையும் அவர் தேடினார். பல்லவர் காலத்தில் மாமல்லபுரம் முதலிய துறைகளிலிருந்து கடல் கடந்த வணிகம் நடைபெற்றது. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனி நாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் சிறப்புப் பெயர். செங்கற்பட்டுக் கரையில் இன்று சுற்றுலாப் பயணியர் காணும் கற்சிற்பங்களுக்கும் கடலுக்கு அப்பாலுள்ள அக்கல்வெட்டுக்கும் இடையே ஒரு வரலாறு இருக்கிறது. தாய்லாந்து அரசவைச் சடங்குகளில் திருவெம்பாவையின் சுவடு நிலைத்திருப்பதையும் அடிகள் எடுத்துக்காட்டினார். மாணிக்கவாசகர் பாடலின் செலவைக் கத்தோலிக்கக் குரு ஒருவர் ஆராய்ந்தமை, அவர் உள்ளத்தின் விரிவைக் காட்டுகிறது.

நூலகங்களில் மறைந்திருந்த தமிழ்

ஐரோப்பிய மொழிகளைக் கற்றதன் பயன் இப்போது வெளிப்பட்டது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் தமிழகக் கடற்கரைக்கு வந்த சமயப் பணியாளர்கள் தமிழில் நூல்களை எழுதி அச்சிட்டனர். அவற்றின் படிகள் தமிழகத்தில் அழிந்துபோயின. எஞ்சியவை அயல்நாட்டு நூலகங்களில், போர்த்துக்கீசிய, இலத்தீன் குறிப்புகளுக்கிடையே கிடந்தன. அவற்றைத் தேடி ஆராய, தமிழும் அம்மொழிகளும் ஒருங்கே தெரிந்திருக்க வேண்டும்; அந்நூல்களின் பொருளாகிய இறையியலும் தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் அடிகளிடம் அமைந்திருந்தன.

1554ஆம் ஆண்டு போர்த்துக்கல் தலைநகர் இலிசுபனில் அச்சான கார்த்தில்யா என்னும் சிறுநூல், தமிழை உரோமன் எழுத்தில் தந்தது. அதன் ஆக்கத்தில் தமிழர் மூவர் பங்குகொண்டனர். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்திலேயே அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் பழமையானது. பதினாறு பக்கங்களே கொண்ட இந்நூலைத் தமிழாக்கியவர் அண்டிரிக் அடிகளார். இத்தகைய முதல் அச்சு நூல்களைப் பற்றி விரிவான கட்டுரைகள் எழுதி, அவற்றின் அருமையைத் தமிழுலகு உணரச் செய்தார் தனிநாயகம் அடிகள்.

வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டறிந்த தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி குறிப்பிடத்தக்கது. அந்தாம் தெ புரோவென்சா என்னும் துறவி தொகுத்து, 1679ஆம் ஆண்டு அம்பலக்காட்டில் அச்சிடப்பெற்ற அந்நூல் 16,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ் மக்கள் வழங்கிய சொற்களைக் காட்டும் கருவூலம் அது. அதன் நிழற்படிப் பதிப்பை 1966ஆம் ஆண்டு அவர் வெளிக்கொணர்ந்தார். மாணவப் பருவத்தில் இறையியல் கற்ற அதே உரோமை நகரில், பின்னாளில் அவருக்குத் தமிழ்ச் சொற்களின் புதையல் கிடைத்தது.

ஆசிரியர் பணியும் மொழி உரிமையும்

1952ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராக அடிகள் பொறுப்பேற்றார். இடையில் இலண்டன் பல்கலைக்கழகம் சென்று, பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனைகள் என்னும் பொருளில் ஆய்ந்து இரண்டாவது முனைவர் பட்டத்தையும் பெற்றார்.

1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டுமே இலங்கையின் ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ் மக்களின் மொழி உரிமை மறுக்கப்படுவதை அடிகள் ஏற்கவில்லை. சிங்கள மொழியின்மீதோ மக்கள்மீதோ அவருக்கு வெறுப்பு இல்லை. ஒரு மொழிக்குரிய மதிப்பு மற்றொரு மொழிக்கும் உண்டு என்பதே அவர் நிலைப்பாடு. அரசின் ஊதியம் பெறும் பேராசிரியர்கள் பலர் அமைதி காத்த காலத்தில் அவர் பேசினார், எழுதினார். உண்மையைச் சான்றுடன் கூறுதல் அறநெறிக் கடமை என்று கற்றவர்க்கு அமைதி காப்பது இயலாததாயிற்று.

1961ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றுக் கோலாலம்பூர் சென்றார். 1969ஆம் ஆண்டுவரை அங்குப் பணியாற்றினார். அவருடைய பெரும்பணி அங்கிருந்தே உருப்பெற்றது.

உலகத் தமிழ் அவை

1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கீழைத்தேய அறிஞர்களின் 26ஆம் உலக மாநாடு புதுதில்லியில் நடைபெற்றது. பல நாட்டு அறிஞரும் ஓரிடத்தில் கூடும் அவ்வாய்ப்பை அடிகள் பயன்படுத்திக்கொண்டார். அறிஞர் வ.அய். சுப்பிரமணியம் முதலியோர் துணைநிற்க, தமிழாய்வில் நாட்டமுடையோரை ஒன்றுகூட்டினார். அக்கூட்டத்தில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவராகவும், தனிநாயகம் அடிகளும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளர்களாகவும் தெரிவு செய்யப்பட்டனர். மன்றத்தை உருவாக்கியவர் தலைமைப் பதவியைத் தாம் கொள்ளவில்லை, செயலாளர் பொறுப்பை ஏற்றுக் கடிதங்கள் எழுதினார், கட்டுரைகளைத் திரட்டினார், மாநாடுகளுக்கு வழிவகுத்தார்.

முதலாம் உலகத் தமிழ் மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் கோலாலம்பூரில் நடைபெற்றது. இரண்டாம் மாநாடு 1968ஆம் ஆண்டு சனவரியில், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னையில் நிகழ்ந்தது. அதனையொட்டி மெரினா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர்க்குச் சிலைகள் எழுப்பப்பட்டன. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார் முதலியோருடன் வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப் ஆகியோரும் அங்கு இடம்பெற்றனர். இம்மூவரும் இறைப்பணிக்காகத் தமிழகம் வந்து தமிழ்ப்பணியில் தோய்ந்தவர்கள்.

மூன்றாம் மாநாடு 1970ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்றது. அவ்வாண்டிலேயே சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. நான்காம் மாநாடு 1974ஆம் ஆண்டு சனவரியில் அடிகளின் சொந்த மண்ணாகிய யாழ்ப்பாணத்தில் கூடியது. ஆயின், அதன் நிறைவு நாளில் மக்கள் திரண்டிருந்த வெளியில் காவல்துறையின் நடவடிக்கையால் குழப்பம் மூண்டு உயிர்கள் பறிபோயின. தமிழர் அனைவரையும் அறிவால் ஒன்றுசேர்க்க முனைந்தவர், தம் ஊர் மக்கள் அத்திடலிலேயே மாண்ட துயரையும் காண நேர்ந்தது.

நிறைவு

1980ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், தனிநாயகம் அடிகள் யாழ்ப்பாணப் பகுதியில் இயற்கை எய்தினார். அடுத்த நான்கு திங்களில், 1981ஆம் ஆண்டு சனவரியில், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியது. அவர் ஏற்றிய விளக்கு அவருக்குப் பின்னும் எரிந்தது.

இறையியல் மாணவராக உரோமை சென்றவர் தமிழுக்காக அக்கல்வியைக் கைவிட்டார் என்று சிலர் கருதக்கூடும். அவர் வாழ்வு அவ்வாறு கூறவில்லை. இறுதிவரை அவர் குருவாகவே வாழ்ந்தார். மூலநூலைத் தேடிச் செல்லுதல், எதிர்க்கருத்தையும் மதித்துக் கேட்டல், சான்றின் எல்லைக்குள் நின்று பேசுதல், அறியாததை அறியேன் என ஒப்புக்கொள்ளுதல் ஆகியவற்றை உரோமைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார்; சிதம்பரத்திலும் பேராதனையிலும் கோலாலம்பூரிலும் அவற்றைக் கடைப்பிடித்தார். முனைவர் பட்டத்துடன் வந்து வடக்கன்குளத்துப் பண்டிதர்முன் மாணவராக அமர்ந்த அந்நாளே, அவர் கற்ற கல்வி முழுமை பெற்ற நாள் எனலாம்.

கற்பவை கற்றபின்...

1. தனிநாயகம் அடிகள் கல்வி கற்ற, பணியாற்றிய இடங்களை உலக நிலப்படத்தில் குறித்து, ஆண்டுகளுடன் காலக்கோடு ஒன்று வரைக.

2. தமிழில் அச்சான தொடக்ககால நூல்கள் குறித்துச் செய்திகளைத் திரட்டி வகுப்பறையில் உரையாற்றுக.

3. உங்கள் ஊரில் உள்ள பழைய கடிதம், கல்வெட்டு, கணக்கேடு ஆகியவற்றுள் ஒன்றைப் படித்து, அக்கால மக்கள் வாழ்வைப் பற்றி அதிலிருந்து அறியக்கூடியவற்றை மட்டும் ஒரு பக்க அளவில் எழுதுக.

4. பதவியும் பட்டமும் பெற்ற பின்னரும் கற்றலைத் தொடர்வது எளிதா? அடிகளின் வாழ்வை முன்வைத்துக் கலந்துரையாடுக.